கிளை தொங்கும் ஊசியிலை மரம்: பட்டர்வொர்த் வெயிலில் எது பிழைக்கும்?

கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்கள் சோளம், ஸ்ட்ராபெரி, தேயிலைப் பொட்டலம் இவற்றோடு ஒரு சின்ன ஊசியிலைச் செடியையும் காரின் பின்புறம் வைத்துக்கொண்டு வருவது வழக்கம். வாங்கும்போது நீலப்பச்சை நிறத்தில், கிளைகள் கீழே தழைந்து, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பட்டர்வொர்த்தில் வீட்டு வாசலில் வைத்த சில மாதங்களில் அடிப்பக்க ஊசிகள் பழுப்பாகும். இன்னும் சில மாதங்களில் குச்சிதான் மிஞ்சும். "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. குளிர் நாட்டு மரத்தைக் கடலோர வெயிலில் வைத்தால் யார் கை வைத்தாலும் அதுதான் நடக்கும். ஆனால் ஊசியிலை மரம் என்றாலே குளிர் தேசத்து மரம் என்று நினைப்பதும் தவறு. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த ஊசியிலை மரங்களும் உண்டு. அவற்றில் சில நம் கண்ணெதிரே நிற்கும் மலைகளிலேயே இருக்கின்றன. சரியான மரத்தைத் தேர்ந்து, வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால், கிளை தொங்கும் பசுமையான ஊசியிலை மரம் ஒன்றை தாமான் வீட்டு வாசலிலும் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

மலையில் வாழ்வது இங்கே ஏன் வாடுகிறது?

கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். பட்டர்வொர்த்தோ கடலை ஒட்டிய தாழ்நிலம். பகலில் 31 முதல் 33 டிகிரி வரை போகும். இரவிலும் 24, 25 டிகிரி அளவில்தான் இருக்கும்.

மனிதர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு விசிறியோடு தீர்ந்துவிடும். செடிக்கு அப்படியில்லை. இலை பகலில் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இரவில் மூச்சு விடும்போது அந்த உணவில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். குளிர் நாட்டு மரம் இங்கே வந்தால், பகலில் சம்பாதித்ததை இரவில் செலவழித்துவிட்டு, கையிருப்பைக் கரைத்துக்கொண்டே வாழ்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் காய்கிறது. வாங்கிய உடனே சாகாமல் சில மாதம் கழித்துச் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ப்ரூஸ், ஃபிர், சீடர் போன்ற மரங்களுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். பல வாரங்கள் குளிரில் உறங்கினால்தான் அவற்றின் மொட்டுகள் ஒழுங்காக விரியும். பட்டர்வொர்த்தில் குளிர்காலமும் இல்லை, ஆண்டு முழுவதும் பகல் பொழுது ஏறக்குறைய 12 மணி நேரம்தான். எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்று அந்த மரத்துக்குத் தெரியாமல் போகிறது.

தேவதாரு என்ற பெயர் நம்மவர்களுக்குப் பழக்கமானது. நாட்டு மருந்துக் கடையில் அதன் கட்டை கிடைக்கும். இமயமலையில் 1,500 மீட்டருக்கு மேல் வளரும் அந்த மரத்தின் கிளை நுனிகள் அழகாகக் கீழே வளைந்து தொங்கும். காஷ்மீர் சைப்ரஸ் என்று அழைக்கப்படும் மரமும் திரைச்சீலை போலத் தொங்கும். இவற்றை ஊட்டியிலும் கேமரன் மலையிலும் வளர்த்துப் பார்க்கலாம். பட்டர்வொர்த்துக்கு இவை வேண்டாம். இணையத்தில் படம் பார்த்து, விதை வாங்கி ஏமாறவும் வேண்டாம். படத்தில் உள்ளபடி முழு மரமும் தொங்கும் வகைகள் பெரும்பாலும் ஒட்டுக்கட்டி உருவாக்கியவை. அவற்றின் விதையை முளைக்க வைத்தாலும் தாய் மரம் போலத் தொங்கும் என்ற உறுதி இல்லை.

தொங்குவது குணமா, நோயா?

சாதாரண மரத்தின் கொழுந்து புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி வளரும். சில மரங்களில் கிளைகள் மெலிந்து, தம் எடையைத் தாங்காமல் கீழே வளைகின்றன. சிலவற்றில் மேல்நோக்கித் திரும்பும் குணமே பிறவியில் குறைந்திருக்கிறது. இது மரத்தின் குணம். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நேராக நிற்க வேண்டிய மரம் தொங்கினால் அது நோய். நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று வைக்கும் நார்ஃபோக் பைன் இதற்கு நல்ல உதாரணம். அதன் கிளைகள் தட்டுத் தட்டாகப் பக்கவாட்டில் நீள வேண்டும். வரவேற்பறை மூலையில் வெளிச்சம் இல்லாமல் வைத்தால் கீழ்க் கிளைகள் சோர்ந்து தொங்கும். அழகாக இருக்கிறதே என்று விட்டால், அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து விழும். விழுந்த இடத்தில் புதுக்கிளை வராது.

இரண்டையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். முதலாவது, நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொங்கும் குணமுள்ள மரத்தின் நுனி விறைப்பாகவும் இளம்பச்சையாகவும் இருக்கும். வாடிய நுனி துவண்டிருக்கும். இரண்டாவது, இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் அழுகுகிறது. மூன்றாவது, தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை முடிந்துவிட்டது.

இந்தச் சோதனையை மாதம் ஒரு முறையாவது செய்வது நல்லது. ரோஜாவும் துளசியும் தாகத்தை அன்றே காட்டிவிடும். ஊசியிலை மரம் அப்படிக் காட்டாது. அதன் ஊசிகள் பழுப்பாவது உங்கள் கண்ணில் படும்போது, வேர் செத்துப் பல நாட்கள் ஆகியிருக்கும்.

நம் ஊருக்கு எவை பொருந்தும்?

முதலில் சொல்ல வேண்டியது செம்பிலோர். டாக்ரிடியம் என்ற இனத்தைச் சேர்ந்த இந்த மரம் மலேசியாவின் சொந்த ஊசியிலை மரம். பினாங்கு மலையில் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலும் இந்த இனம் இருக்கிறது. இளம் மரத்தின் ஊசிகள் மெல்லியவை. கிளைகள் குதிரை வால் போலத் தொங்கும். மலாயில் இதற்கு ‘ஏக்கோர் கூடா’, அதாவது குதிரை வால் என்ற பெயரும் உண்டு. மரம் முதிர்ந்த பிறகு ஊசிகள் மறைந்து சிறு செதில்களாக மாறிவிடும். அழகு இளமையில்தான் அதிகம்.

செம்பிலோர் சாதாரண நர்சரிகளில் எளிதில் கிடைப்பதில்லை. நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து விற்கும் நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். மலையேறப் போகும்போது கன்றைப் பிடுங்கி வரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வனக் காப்பகத்திலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். அப்படிப் பிடுங்கிய கன்று வேர் அறுந்து பிழைப்பதும் அரிது.

இரண்டாவது, பினாங்கில் எளிதாகக் கிடைக்கும் போடோகார்ப்பஸ். சீனர்கள் இதை லோ ஹான் சோங் என்பார்கள். சீனக் குடும்பங்களின் வீட்டு வாசலில் இரு புறமும் தொட்டியில் வளைத்து வளைத்து வளர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென் சீனாவையும் ஜப்பானையும் சேர்ந்த மரம். ஆனாலும் நம் தாழ்நில வெப்பத்தைத் தாங்குகிறது. இலை ஊசி போல அல்லாமல் சிறு பட்டை போல நீளமாக இருக்கும். ஆனால் இதுவும் ஊசியிலைக் குடும்பங்களைச் சேர்ந்ததுதான். இது தானாகத் தொங்காது. கம்பி கட்டித் தொங்க வைக்கலாம்.

இதன் உறவுக்கார மரம் ஒன்று நம் கடலோரத்திலேயே இருக்கிறது. மலாயில் ‘ஜாத்தி லாவுட்’, கடல் தேக்கு என்று சொல்வார்கள். மணலிலும் பாறை இடுக்கிலும் உப்புக் காற்றிலும் வளரப் பழகியது. பந்தாய் பெர்சே, பாகான் ஆஜாம் பக்கம் கடலை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊசியிலை மரம் கிடையாது. தமிழ்நாட்டுக்கும் இந்தக் குடும்பத்தில் ஓர் ஒட்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மரம் இந்தப் போடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே மரம் மலேசியக் காடுகளிலும் இருக்கிறது.

மூன்றாவது, ஜூனிப்பர். தரையோடு படரும் வகையை உயரமான தொட்டியில் வைத்தால் விளிம்பைத் தாண்டி வழிந்து தொங்கும். நாள் முழுவதும் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் உள்பக்கம் காய்ந்துவிடும். இதை வாங்கும்போது, மலையிலிருந்து சென்ற வாரம் வந்ததா அல்லது கீழே ஆறு மாதமாவது வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ப்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். நிழலில் வளர்ந்த கன்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கிய பிறகுதான் வயலில் நடுவார்கள். அதே விதிதான் இங்கும்.

ஊசியிலை மரம் போல இருந்தும் ஊசியிலை மரம் அல்லாதவை இரண்டு. ஒன்று சவுக்கு. மலாயில் ரூ. கடற்கரைகளில் காற்றுக்கு ஓசை எழுப்பி நிற்கும் அதன் ‘ஊசி’ உண்மையில் இலை அல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சி. சிறுவர்கள் அதைக் கணுவில் பிரித்து மறுபடி பொருத்தி விளையாடுவார்கள். கணுவைச் சுற்றி நுண்ணிய பற்கள் போல இருப்பவைதான் அதன் இலைகள். இது பூக்கும் தாவரம். வேர் முடிச்சுகளில் நுண்ணுயிர்களை வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் வெறும் மணலிலும் செழிக்கிறது.

இன்னொன்று நெட்டிலிங்கம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த மரம். கிளைகள் தண்டோடு ஒட்டிக் கீழே தொங்கும். இலை அகலமானது. இதைப் பலர் அசோக மரம் என்று தவறாகச் சொல்கிறார்கள். சீதை இருந்ததாகச் சொல்லப்படும் அசோகம் வேறு மரம். ஊசியிலையே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாமல், தொங்கும் பசுமை போதும் என்பவர்களுக்கு, குறுகிய இடத்தில் உயரமாக வளரும் நெட்டிலிங்கம் நல்ல மாற்று.

வாசலில் எவ்வளவு இடம் இருக்கிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மரம் நட இடம் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. லயத்துக்குப் பின்னால் முருங்கை, வாழை, கொய்யா, பலா என்று நட்டார்கள். எல்லையை யாரும் அளக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நிலம் கைமாறி, தாமான் வரிசை வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை வேறு. கார் நிற்கும் இடம் போக மூன்றடி மண் மிஞ்சினால் பெரிய விஷயம். அதற்கு அடியில் சாக்கடைக் குழாய், பக்கத்தில் அண்டை வீட்டுச் சுவர், மேலே மின்கம்பி.

அதனால் தரை வீட்டில் இருப்பவர்கள் ஊசியிலை மரத்தைத் தொட்டியில் வளர்ப்பதே நல்லது. நார்ஃபோக் பைன், சவுக்கு இரண்டும் தரையில் நட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி 20, 30 மீட்டர் வரை போகக்கூடியவை. நடும்போது முழங்கால் உயரம்தான் இருக்கும். பத்து ஆண்டு கழித்து வெட்ட ஆள் தேடும்போதுதான் அதன் அளவு புரியும்.

வெட்டுவதும் அவ்வளவு எளிதல்ல. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் போன மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. செத்துப்போன மரம், உடனடி ஆபத்து விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பகுதிக்கு அந்த மன்றம் செபராங் பிறை மாநகர் மன்றம். வேலிக்கு வெளியே சாலையோரப் புல்தரையில் நட நினைப்பவர்களும் முதலில் மாநகர் மன்றத்தைக் கேட்பதே முறை. அந்த நிலம் வீட்டு மனையில் சேராது.

காற்றையும் மறக்கக்கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரெனப் புயல்காற்று வரும். 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பெய்த கனமழையிலும் காற்றிலும் பினாங்கு முழுவதும் மரங்கள் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேர் ஓட இடமில்லாத மூன்றடி மண்ணில் நிற்கும் உயரமான மரம் அத்தகைய காற்றைத் தாங்காது. விழுந்தால் நம் காரின் மேலோ பக்கத்து வீட்டின் மேலோதான் விழும்.

தொட்டியும் மண்ணும்

வாய் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத மண் தொட்டி அல்லது தடித்த சிமெண்ட் தொட்டி எடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி சிமெண்ட் தரையில் வெயிலில் நின்றால் உள்ளே மண் சூடாகி ஓரத்து வேர்கள் வெந்துவிடும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால், அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். தொட்டியைத் தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காற்றும் போகும், தண்ணீரும் வடியும்.

தாமான் வீடுகளில் தோண்டி எடுக்கும் மண்ணை நேரே பயன்படுத்த வேண்டாம். பட்டர்வொர்த்தில் பல குடியிருப்புகள் பழைய வயலையும் சதுப்பையும் செம்மண் கொட்டி மேடாக்கிக் கட்டியவை. அந்த மண் இறுகிப்போயிருக்கும். வீடு கட்டியபோது விழுந்த சிமெண்டும் சுண்ணாம்பும் அதில் கலந்திருக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ஊசியிலை மரம் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் மஞ்சளாகும்.

தோட்டமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. இந்தக் கலவை போடோகார்ப்பஸ், ஜூனிப்பர் இரண்டுக்கும் போதும். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. செம்பிலோர் இயற்கையில் சத்துக் குறைந்த, புளிப்புத்தன்மை உள்ள மண்ணில் வளர்வது. அதற்கு மணலையும் நார்த்தூளையும் கூட்டுங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் கிட்டவே போகக்கூடாது.

நடும்போது பையைக் கிழித்ததும் வேர்களைப் பாருங்கள். பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெல்லப் பிரித்து விடுங்கள். முற்றிய வேரானால் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறி விடலாம். பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். தண்டின் அடியை மண்ணுக்குள் புதைத்தால் பட்டை அழுகும். நட ஏற்ற காலம் மழை தொடங்கும் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் நடுவதைத் தவிர்க்கலாம்.

தண்ணீரும் பாஜாவும்

முதல் மூன்று மாதம் காலையில் தினமும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். அதன்பிறகு மேல் மண் ஓரங்குலம் காய்ந்தபின் விட்டால் போதும். விடும்போது அடித்துளையில் வழியும்வரை விடுங்கள். தினமும் அரைக் குவளை தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை நிறைய விடுவது வேரை ஆழமாக இறங்க வைக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும்போது அடிக்கடி பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் தண்ணீர் விடவே தேவையிருக்காது. அப்போது வடிகால்தான் கவலை.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேர் அழுகுவது ஒரு காரணம். தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அதைவிடப் பெரிய காரணம். டெங்கி பரவும் காலத்தில் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது பூந்தொட்டித் தட்டைத்தான். புழு இருந்தால் அபராதம் உண்டு.

உரத்தில் ஊசியிலை மரம் சிக்கனமானது. தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக்குப் பாஜா போட்ட கைக்கு இது விளங்குவது கொஞ்சம் கடினம். அங்கே கிலோ கணக்கு, இங்கே கரண்டிக் கணக்கு. நடுத்தரத் தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி நீல நிறப் பாஜா போதும். தண்டை ஒட்டிப் போடாமல் தொட்டி ஓரமாகத் தூவித் தண்ணீர் விடுங்கள். நட்ட முதல் இரண்டு மாதம் எதுவும் வேண்டாம். பச்சைச் சாணமும் கோழி எருவும் புதிதாகப் போட்டால் வேர் சுடும், மக்க வைத்துப் போடுங்கள். பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகிப் புது இலைகள் பச்சையாக இருந்தால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். தோட்டத்தில் கீசரைட் என்று தெரிந்த அதே உரம், ஒரு சிட்டிகை போதும்.

கிளையைத் தொங்க வைப்பது

போடோகார்ப்பஸில் தொங்கும் வடிவம் நம் கையில்தான் இருக்கிறது. முதலில் தலைக்கொழுந்து ஒன்றை மட்டும் மூங்கில் குச்சியில் கட்டி, நீங்கள் விரும்பும் உயரம் வரை, அதாவது ஐந்து ஆறு அடி வரை நேராக ஏற்றுங்கள். கட்டுவதற்குத் துணி நாடா நல்லது. நைலான் கயிறு தண்டை அறுக்கும். அந்த உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் நீளும்.

பென்சில் தடிமனுக்கும் குறைவான இளங்கிளைகளில் அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாகக் கீழ்நோக்கி வளையுங்கள். ஒரே நாளில் முழுவதும் வளைக்க வேண்டாம். வாரம் கொஞ்சமாக இறக்கலாம். நம் வெப்பத்தில் செடி வேகமாகப் பருக்கும் என்பதால் மாதம் ஒரு முறை கம்பியைப் பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். நான்கு முதல் ஆறு மாதத்தில் கிளை அந்த வளைவிலேயே நின்றுவிடும். மேல்நோக்கிக் கிளம்பும் நுனிகளை மட்டும் அவ்வப்போது கிள்ளி வந்தால் போதும். வெயில் எல்லாப் பக்கமும் படத் தொட்டியை வாரம் ஒரு முறை கால் வட்டம் திருப்புங்கள்.

வெட்டும்போது ஒரு விதி முக்கியம். பெரும்பாலான ஊசியிலை மரங்கள் இலையில்லாத பழைய பழுப்புக் கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்காது. ஜூனிப்பரைப் பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டும் வெட்டுங்கள். போடோகார்ப்பஸ் இதற்கு விலக்கு, அது பழைய கட்டையிலிருந்தும் துளிர்விடும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்ய இது இன்னொரு காரணம். கைதவறி வெட்டினாலும் மன்னிக்கும் மரம் அது.

ஒட்டுக்கட்டிய செடி வாங்கியிருந்தால், ஒட்டுக்குக் கீழே நேராகக் கிளம்பும் துளிரை உடனே கிள்ளுங்கள். அது அடிமரத்தின் துளிர். விட்டால் தொங்கும் பகுதியை அமுக்கிவிடும்.

பூச்சியும் நோயும்

எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். இலை மேல் கரி பூசியது போல இருப்பதும் அதே பூச்சியின் கழிவில் வளரும் பூஞ்சைதான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் கலக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை தெளித்தால் கட்டுப்படும். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

வறட்சியில் ஜூனிப்பரில் செஞ்சிலந்தி வரும். வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழும் தூசு நகர்ந்தால் அது சிலந்திதான். தண்ணீர் பீய்ச்சுவதே இதற்கு முதல் மருந்து.

வேர் அழுகல்தான் உண்மையான எதிரி. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கறுத்த வேர்களை வெட்டி, மணல் கூட்டிய புது மண்ணில் வைத்து, இரண்டு வாரம் நிழலில் வைக்கலாம். பாதி வேர் போயிருந்தால் பிழைப்பது கடினம்.

பிள்ளைகள், நாய் உள்ள வீடுகளில் ஓர் எச்சரிக்கை. போடோகார்ப்பஸின் விதை சிவந்த அல்லது கருநீலச் சதைமேல் உட்கார்ந்திருக்கும். பார்க்கப் பழம் போல இருக்கும். விதையும் இலையும் வயிற்றுக்கு ஆகாதவை. தின்ன விடாதீர்கள்.

பெரிய நிலம் இருந்தால்

வீட்டில் இடமில்லை என்பதால் சவுக்கை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கடலோரத்தில் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி பினாங்கில் மட்டும் 52 உயிர்களைக் கொண்டுபோனது. அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தின் நாலுவேதபதி கிராமத்தில் இழப்பு குறைவாக இருந்ததற்கு, அவ்வூரார் 2002இல் ஒரே நாளில் நட்ட 80,000க்கும் மேற்பட்ட மரக்கன்றுகள் காரணமாகச் சொல்லப்பட்டன. சவுக்கும் அவற்றில் ஒன்று. விரிந்த நிலமுள்ள பள்ளிகளும் கோயில்களும் கட்டடத்திலிருந்து தள்ளி, மாநகர் மன்றத்தைக் கலந்துகொண்டு இதை நடலாம்.

மரம் வாங்கும் முன் முதிர்ந்த மரத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குச் சற்று அப்பால் 1884இல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குள்ளும் ஒரு நடை போய் வரலாம். முழங்கால் உயரக் கன்று, நூறாண்டு கழித்து எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பது அங்குள்ள பெரிய மரங்களின் அடியில் நின்றால் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால், முதல் முறை வளர்ப்பவர்கள் போடோகார்ப்பஸில் தொடங்குங்கள். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் ஜாத்தி லாவுட் கேளுங்கள். ஒன்றை நன்றாக வளர்த்த அனுபவம் வந்த பிறகு செம்பிலோர் தேடுங்கள். ஓரளவு முற்றிய பத்து, பதினைந்து சென்டிமீட்டர் நுனிக்குச்சியை மணலில் ஊன்றி, பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வைத்தால் போடோகார்ப்பஸ் இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். கேமரன் மலைக்குப் போய் வந்து ஏமாந்த பக்கத்து வீட்டாருக்கு ஒரு கன்று கொடுக்க அது போதும்.